இயந்திரம் வந்தது முன்னே, பாடம் வந்தது பின்னே



ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குவோம். கணினி அறிவியல் என்ற பாடம் எப்போது பிறந்தது? வகுப்பில் கேட்டால், "கணினியைக் கண்டுபிடிச்ச அன்னைக்குத்தான் சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு அப்படி நடக்கவில்லை. இயந்திரம் வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அது ஒரு பட்டப்படிப்பாக மாறியது. அந்த இடைவெளியில் என்ன நடந்தது? அமெரிக்காவின் மூன்று மாநிலப் பல்கலைக்கழகங்களை வைத்துப் பார்ப்போம்.

முதலில் பின்னணியைத் தெரிந்துகொள்ளுங்கள். 1862 ஜூலை 2-ஆம் நாள் அதிபர் ஆபிரகாம் லிங்கன் மோரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடாளுமன்றத்தில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, ஒவ்வொருவர் கணக்கிலும் 30,000 ஏக்கர் நிலம் அந்த மாநிலத்துக்குக் கிடைத்தது. அந்த நிலத்தை விற்ற பணத்தில் வேளாண்மையும் இயந்திரத் தொழிற்கலையும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நிலமெல்லாம் பூர்வகுடி மக்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அயோவா, இலினோய், இந்தியானா ஆகிய மூன்றும் சோளம் விளையும் மாநிலங்கள். அங்கே உழவர் வீட்டுப் பிள்ளைகளும் படிக்க இந்தச் சட்டம் வழி திறந்தது.

முதல் காட்சி அயோவா மாநிலக் கல்லூரியில். இன்று அது பல்கலைக்கழகம். 1939 முதல் 1942 வரை இயற்பியல் பேராசிரியர் ஜான் அட்டனாசாஃபும் அவருடைய மாணவர் கிளிஃபர்ட் பெரியும் கட்டட அடித்தளத்தில் ஒரு மின்னணுக் கணக்கியந்திரத்தை உருவாக்கினார்கள். ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்ப்பது அதன் வேலை. போர் வந்தது, இருவரும் வேறு பணிக்குப் போனார்கள். 1948-இல் இடம் தேவைப்பட்டதால் அந்த இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள்! 1973-இல் ஒரு நீதிமன்றம் 'எனியாக்' கணினியின் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தபோதுதான் அட்டனாசாஃபின் பெயர் வெளியே தெரிந்தது. யோசிச்சுப் பாருங்க. இயந்திரம் இருந்தது, அறிவு இருந்தது. ஆனால் அதை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு இல்லை. அதனால் தொடர்ச்சியும் இல்லாமல் போனது.

இரண்டாவது, இலினோய் பல்கலைக்கழகம். 1952-இல் 'இலியாக்' என்ற கணினியை அங்கே தாங்களே கட்டி, தாங்களே சொந்தமாக வைத்துக்கொண்டார்கள். இயற்பியலாரும் பொறியியலாரும் தங்கள் கணக்குகளைக் கொண்டுவந்து போட்டார்கள். இங்கே கணினி ஒரு கருவி. நுண்ணோக்கி மாதிரி, அதை வைத்து வேறொன்றை ஆராயலாம். அதையே ஒரு பாடமாகப் படிக்கலாம் என்ற எண்ணம் பல்கலைக்கழகங்களில் வேரூன்ற இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

மூன்றாவது, இந்தியானாவின் பர்டூ பல்கலைக்கழகம். 1952-இல் ஆலன் பெர்லிஸ் அங்கே கணிப்புப் பணிகளைத் தொடங்கி நடத்தினார். 1956-இல் வேறு கல்வி நிலையத்துக்குச் சென்றார். 1962-இல், மோரில் சட்டத்துக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, பர்டூவில் கணினி அறிவியலுக்கென்று தனித்துறை அமைந்தது. அமெரிக்காவில் இதுவே முதல் கணினி அறிவியல் துறை என்று அறியப்படுகிறது. கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல் ஆகிய மூன்றும் ஒரே பிரிவின் கீழ் இருந்தன. சாமுவேல் கான்டே அதன் முதல் தலைவர். தொடக்கத்தில் மேற்பட்டப் படிப்புதான். இளங்கலைப் பட்டம் அறுபதுகளின் பிற்பகுதியில் வந்தது.

மாணவர்களே, ஒரு எச்சரிக்கை. 'உலகிலேயே முதல் கணினிப் படிப்பு' என்று மட்டும் எழுதிவிடாதீங்க. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1953-லேயே ஓராண்டு டிப்ளோமா படிப்பு தொடங்கிவிட்டது. 'அமெரிக்காவில் முதல் தனித்துறை' என்பதே சரியான விடை.

இப்போது ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. அந்தத் துறையில் முதலில் பாடம் நடத்தியவர்கள் கணினி அறிவியல் பட்டதாரிகளா? இல்லவே இல்லை. அப்படி ஒரு பட்டம் இருந்தால்தானே வாங்கியிருக்க முடியும்? கான்டே கணிதத்தில் முனைவர். மற்றவர்களும் வேறு துறைகளிலிருந்து வந்தவர்களே. பாடநூலும் கையில் இல்லை, எழுத வேண்டியிருந்தது. கான்டே எழுதிய எண்ணியல் பகுப்பாய்வு நூல் 1965-இல் வந்தது. மாணவர்கள் துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பார்கள். ஓர் அட்டையில் ஒரு துளை தவறினாலும் மறுபடி முதலிலிருந்து!

"மனிதன் செய்த இயந்திரத்தைப் பற்றி எப்படி ஓர் அறிவியல் இருக்க முடியும்?" என்ற கேலியும் இருந்தது. 1967-இல் பெர்லிஸ், ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் ஆகிய மூவரும் 'சயின்ஸ்' இதழில் அதற்குப் பதில் எழுதினார்கள். கணினியைச் சுற்றி ஆராய வேண்டிய நிகழ்வுகள் இருக்கின்றன. அவற்றை ஆராய்வதே இந்த அறிவியல் என்பது அவர்கள் வாதம். 1968-இல் அமெரிக்கக் கணிப்பியலாளர் சங்கமான ஏ.சி.எம். பட்டப்படிப்புக்கான பாடத்திட்டப் பரிந்துரையை வெளியிட்டது. பெயரில்கூட ஒற்றுமை இல்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 'கணினி மற்றும் தகவல் அறிவியல்' என்றே தன் துறையை நெடுங்காலம் அழைத்தது.

சரி, தனித்துறை ஏன் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலில் அமைந்தது? தேர்வில் இப்படி ஒரு 'ஏன்' வந்தால் ஒரே காரணத்தோடு நிறுத்தாதீர்கள். போருக்குப் பிந்தைய தொழில்துறையின் தேவை ஒன்று. விண்வெளித் துறை நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த கான்டே போன்றவர்கள் கிடைத்தது இன்னொன்று. மூன்றாவது, என் பார்வையில் முக்கியமானது: கைக்கு உதவும் தொழிலும் பட்டத்துக்குரிய கல்விதான் என்ற எண்ணம் அங்கே நூறாண்டுகளாக ஊறியிருந்தது.

நம்மில் பலருக்கும் பயிற்சி பெறாத ஒரு புதுப் பாடம் திடீரென்று கைக்கு வருகிறது. "எனக்கே தெரியாதே, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?" என்று தயங்குகிறோம். அப்போது பர்டூவை நினைத்துக்கொள்ளுங்கள். அயோவாவின் இயந்திரம் கழற்றப்பட்டு மறைந்தது. பட்டமே இல்லாத ஆசிரியர்கள் தொடங்கிய வகுப்போ இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.