நிற வேற்றுமையை அளந்த கதை

காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. காற்றழுத்தத்தை அளக்கப் பாரமானி இருக்கிறது. ஒருவருடைய மனத்தில் பிற இனத்தார் மீதுள்ள வெறுப்பை எதைக் கொண்டு அளப்பது? அவரையே கேட்டுவிட்டால் போயிற்று என்று தோன்றும். கேட்டால் சரியான விடை கிடைக்குமா?

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ரிச்சர்ட் லாபியருக்கு இந்த ஐயம் எழுந்தது. 1930-இல் தொடங்கி இரண்டாண்டுக் காலத்தில் அவர் ஓர் இளம் சீனத் தம்பதியரைத் தம்முடன் அழைத்துக்கொண்டு காரில் அமெரிக்காவின் பல பகுதிகளைச் சுற்றி வந்தார். சீனர் மீது அங்கு வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதற்கு 1882 முதலே சட்டம் தடை விதித்திருந்தது. ஆயினும் அவர்கள் சென்ற 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றே ஒன்றுதான் இடமில்லை என்று திருப்பி அனுப்பியது. ஆறு மாதம் கழித்து, 'சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா?' என்று அதே இடங்களுக்கு லாபியர் கடிதம் எழுதினார். 128 பேர் விடை எழுதினர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் 'ஏற்க மாட்டோம்' என்றனர்! சொல் ஒன்று, செயல் ஒன்று. 1934-இல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார்.

பிரிட்டனில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. அங்கே சொல் இனித்தது, கதவுதான் திறக்கவில்லை.

1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, குடியேற்ற நாடுகளில் பிறந்தவரும் பிரிட்டனில் பிறந்தவரும் ஒரே வகைக் குடிமக்கள். அவ்வாண்டு ஜூன் மாதம் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுவந்து டில்பரித் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களில் பலர் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணிபுரிந்தவர்கள். பள்ளியில் இங்கிலாந்து மன்னர்களின் வரலாற்றைப் படித்து, அந்நாட்டைத் தாய்நாடு என்றே எண்ணி வந்தவர்கள். போருக்குப்பின் அங்கு ஆள் பற்றாக்குறையும் இருந்தது. லண்டன் போக்குவரத்துத் துறை 1956-இல் பார்படோஸ் தீவுக்கே சென்று ஆள் எடுத்தது.

ஆனால் வாடகைக்கு அறை கேட்டுப் போனால் வேறு கதை. 'எனக்கு வேற்றுமை கிடையாது. அடுத்த வீட்டுக்காரர்கள்தான் ஏதாவது சொல்வார்கள்' என்பது பலரும் சொன்ன விடை. எல்லோரும் அடுத்த வீட்டுக்காரரையே காட்டினால், அந்த அடுத்த வீட்டுக்காரர் யார்?

பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமை வாணிபத்தால் செழித்த நகரம் பிரிஸ்டல். அந்நகரப் பேருந்துகளில் கறுப்பரை ஓட்டுநராகவோ நடத்துநராகவோ வைப்பதில்லை. தொழிலாளர் எதிர்க்கிறார்கள் என்றது நிர்வாகம். அது நிர்வாகத்தின் முடிவு என்றது சங்கம். (அச்சங்கத்தின் கிளை 1955-லேயே கறுப்பருக்கு எதிராகத் தீர்மானம் போட்டிருந்தது!) 1963-இல் பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். முதலில் தொலைபேசியில் பேசி, வேலை காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு கை பெய்லி என்ற ஜமைக்கா இளைஞருக்கு நேர்காணல் ஏற்பாடு செய்தார். வரப்போகிறவர் மேற்கிந்தியத் தீவினர் என்று தெரிந்ததும் நேர்காணல் ரத்தாயிற்று. வேலை இருந்தது, தகுதி இருந்தது. மாறியது நிறம் ஒன்றுதான். ஏனையவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது நமது ஆய்வுக்கூடங்களில் செய்யும் சோதனைதானே?

ஏப்ரல் 30-இல் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. ஆகஸ்ட் 28-இல் தடை நீங்கியது. செப்டம்பரில் நகரின் முதல் வெள்ளையரல்லாத நடத்துநராகப் பணியேற்றவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

1965-இல் வந்த முதல் இன உறவுச் சட்டம் உணவகம், விடுதி போன்ற பொது இடங்களோடு நின்றுவிட்டது. வேலையும் வீடும் அதில் இல்லை. அவற்றில் வேற்றுமை இருப்பதாகச் சொல்வது மிகைப்படுத்தல் என்று பலர் வாதித்தனர். எனவே ஓர் ஆய்வு நிறுவனம் பிரிஸ்டலில் நடந்ததை இன்னும் செம்மையாகச் செய்தது. ஒரே தகுதியுள்ள மூவர் ஒரே வேலைக்கும் ஒரே வீட்டுக்கும் தனித்தனியே விண்ணப்பித்தனர். ஒருவர் ஆங்கிலேயர், இன்னொருவர் வெள்ளைநிற ஹங்கேரியர், மூன்றாமவர் கறுப்பர் அல்லது ஆசியர்.

ஹங்கேரியரை ஏன் சேர்த்தார்கள்? இங்கேதான் சோதனையின் நுட்பம் இருக்கிறது. அவரும் அயல்நாட்டவர், அவர் பேசும் ஆங்கிலத்திலும் அயல் வாடை உண்டு. புதியவர் என்பதால்தான் மறுக்கிறார்கள் என்றால் அவருக்கும் அதே கதி நேர வேண்டும். நேரவில்லை. அவர் ஆங்கிலேயருக்குச் சற்றுப் பின்னே நின்றார். மூன்றாமவரோ வெகு தொலைவில் நின்றார். இத்தனைக்கும், ஹங்கேரி ஒருநாளும் பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாக இருந்ததில்லை! பேரரசின் குடிமகனைவிட, அதற்கு வெளியிலிருந்து வந்தவருக்குக் கதவு எளிதாகத் திறந்தது.

1967-இல் வெளியான அந்த அறிக்கை இன்னொன்றும் கூறியது. குடியேறியவர்கள் தாமே உணர்ந்ததைவிட உண்மையான வேற்றுமை அதிகமாக இருந்தது. அவமானப்பட நேரும் இடங்களுக்கு அவர்கள் போவதையே தவிர்த்துவந்தார்கள். இந்த வரி என்னை மிகவும் வருத்தியது. கேட்காதவனுக்கு மறுப்பும் இல்லை, புள்ளிவிவரத்தில் இடமும் இல்லை.

அறிக்கையின் பயனாக 1968-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையையும் வீட்டையும் உள்ளடக்கியது. அதே ஆண்டில்தான், கென்யாவிலிருந்து பிரிட்டிஷ் கடவுச்சீட்டுடன் வந்த இந்திய வம்சாவளியினரைத் தடுக்க அதே பாராளுமன்றம் மூன்றே நாளில் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது என்பதையும் மறப்பதற்கில்லை.

அந்த அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஆளை அனுப்பாமல் விண்ணப்பங்களை மட்டும் அனுப்புகிறார்கள். மாற்றுவது பெயரையும் பூர்வீகத்தையும்தான். பிரிட்டனில் ஏறத்தாழ 3,200 விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஆய்வின் முடிவு 2019-இல் வெளியாயிற்று. பெரும்பான்மையினர் பெயரில் சென்ற விண்ணப்பங்களில் 100-க்கு 24-க்குச் சாதகமான விடை வந்தது. சிறுபான்மையினர் பெயரில் சென்றவற்றில் 100-க்கு 15-க்குத்தான். ஆய்வாளர்கள் இதைப் பழைய சோதனைகளின் முடிவுகளோடு ஒப்பிட்டனர். கறுப்பருக்கும் தெற்காசியருக்கும் 1960-களின் இறுதியில் இருந்த இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருந்தது.