பகிர்வும் ஊதியமும்: ஹோம்புரூ கணினிக் கழகத்தின் செயற்பாடுகள் (1975–1986)

முன்னுரை

கணினியின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவும், அவற்றைத் தோற்றுவித்தோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வருகின்றது. ஓரூரைச் சார்ந்த ஆர்வலர்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை கூடிக் கலைந்த கழகம் ஒன்று அவ்வரலாற்றில் அடிக்குறிப்பு அளவிலேயே நின்றுவிடுகின்றது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1975 முதல் 1986 வரை இயங்கிய ஹோம்புரூ கணினிக் கழகத்தின் செயற்பாடுகளை இக்கட்டுரை ஆராய்கின்றது. அறிந்ததை அவையில் ஒளிவின்றிக் கூறுதல் என்னும் வழக்கமே இக்கழகத்தின் ஆக்கங்களுக்கு அடிப்படையாக அமைந்தது. அவ்வழக்கத்திலிருந்தே, உழைத்தவர்க்கு ஊதியம் யார் தருவது என்னும் வினாவும் எழுந்தது. அவ்வினா தமிழ்க் கணிமைக்கும் உரியது.

1. கழகத்தின் தோற்றம்

1975 சனவரியில் வெளிவந்த ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் ‘ஆல்டேர் 8800’ என்னும் சிறு கணினி இடம்பெற்றது. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரின் மிட்ஸ் நிறுவனம் அதனைப் பாகங்களாக விற்றது. வாங்கியவரே பற்றவைத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். இன்டெல் 8080 நுண்செயலியைக் கொண்ட அக்கருவிக்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. அடிப்படை நினைவகம் 256 பைட்டுகளே. முகப்பிலுள்ள சிறு நெம்புகோல்களை மேலும் கீழும் தள்ளிக் கட்டளைகளை உள்ளிடுதலும், எரியும் விளக்குகளைக் கொண்டு விடையை அறிதலும் அதன் இயங்குமுறை. இத்தகைய கருவியைத் தனியொருவர் தம் முயற்சியால் மட்டும் பயன்படுத்துதல் அரிது. கழகத்தின் தேவை இங்கிருந்தே பிறந்தது.

மென்லோ பார்க் நகரில் பிரெட் மூர், கோர்டன் பிரெஞ்சு ஆகிய இருவர் ஆர்வலர்களுக்கு அழைப்பு விடுத்தனர். மூர் பொறியாளர் அல்லர். 1959இல் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் கட்டாயப் படைப்பயிற்சியை எதிர்த்து உண்ணாநோன்பிருந்த சமூகச் செயற்பாட்டாளர். 1975 மார்ச்சு 5, புதன்கிழமை மாலை, பிரெஞ்சின் வீட்டுக் கார்க் கொட்டகையில் முதற்கூட்டம் நடைபெற்றது. வந்தோர் 32 பேர். அவர்கள் நடுவே ஆல்டேர் கணினி ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. ‘ஹோம்புரூ’ என்பது வீட்டிலேயே காய்ச்சி வடிக்கும் மதுவைக் குறிக்கும் சொல். கடைச்சரக்கன்று, கைச்சரக்கு என்னும் பெருமிதம் அப்பெயரில் ஒலிக்கின்றது.

2. கூட்ட ஒழுங்கு

உறுப்பினர் பெருகவே, கூட்டம் பள்ளி முதலான இடங்களுக்கு மாறி, பின்னர் ஸ்டான்போர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தின் அரங்கில் நிலைபெற்றது. நூற்றுக்கணக்கானோர் அங்குக் கூடினர். கூட்டங்களை நெறிப்படுத்தியவர் லீ பெல்சன்ஸ்டீன். 1973இல் பெர்க்லி நகரின் இசைத்தட்டுக் கடையொன்றில் பொதுமக்கள் எவரும் பயன்படுத்தத்தக்க கணினி முனையத்தை வைத்த ‘கம்யூனிட்டி மெமரி’ குழுவினருள் ஒருவர் அவர்.

கூட்டம் இரு பகுதிகளாக நடந்தது. முதற்பகுதியில், விரும்பியவர் எழுந்து தம்மிடம் உள்ளது யாது, தமக்கு வேண்டுவது யாது, தாம் கேள்வியுற்றது யாது என்பவற்றைச் சுருக்கமாக அவைக்கு அறிவிப்பார். எவரிடம் எவ்வறிவு உள்ளது என்பது இதனால் அனைவர்க்கும் புலப்படும். இரண்டாம் பகுதியில் அவையொழுங்கு தளர்த்தப்படும். வேண்டுவோர் தமக்கு வேண்டியவரைத் தேடிச் சென்று உரையாடுவர்; வரைபடங்களும் உதிரிப் பாகங்களும் கைமாறும். பதவிப் படிநிலை எதுவும் இவ்வொழுங்கில் இல்லை. பேசுதற்குக் கூச்சமுடையோரும் கேட்டுப் பயன்பெற இது இடமளித்தது. மூர் தொடங்கிய செய்திமடல், கூட்டத்திற்கு வர இயலாதோர்க்கும் அங்கு நிகழ்ந்தவற்றைக் கொண்டு சென்றது.

3. அவையில் விளைந்த ஆக்கங்கள்

1975 ஏப்ரலில் பெனின்சுலா பள்ளியில் நடந்த கூட்டத்தில் ஸ்டீவ் டாம்பியர் தம் ஆல்டேரின் அருகே சிறு வானொலிப் பெட்டி ஒன்றை வைத்தார். கணினியின் மின்சுற்றுகள் எழுப்பும் இரைச்சல் வானொலியில் கேட்பதை முன்னரே கவனித்திருந்த அவர், அவ்விரைச்சலையே சுரங்களாக ஒழுங்குபடுத்தி, பீட்டில்ஸ் குழுவினரின் பாடலொன்றை ஒலிக்கச் செய்தார். விளக்குகளை மினுக்குவதற்கு அப்பால் இக்கருவியால் ஆவதென்ன என்று ஐயுற்றிருந்தோர்க்கு அது விடையாயிற்று.

மிட்ஸ் நிறுவனத்தின் நினைவகப் பலகைகள் செவ்வனே இயங்காதபோது, உறுப்பினரான பாப் மார்ஷ் அவற்றுக்கு மாற்றை உருவாக்க முனைந்தார். பிராசசர் டெக்னாலஜி நிறுவனம் அதன்வழி வளர்ந்தது. அந்நாளில் ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவ் வோஸ்னியாக் முதற்கூட்டத்திற்கே வந்திருந்தவர். அங்கு அறிந்த செய்திகளால் தூண்டப்பெற்றுத் தாமே ஒரு கணினியை வடிவமைத்து, அதன் வரைபடப் படிகளைக் கழகத்தார்க்கு விலையின்றி வழங்கினார். பொருத்துதற்கு நேரமின்மையால் பலரும் அதனைச் செய்து முடிக்க இயலாதிருத்தலைக் கண்ட ஸ்டீவ் ஜாப்ஸ், மின்சுற்றுப் பலகையைச் செய்து விற்கலாம் என்றார். 1976இல் 666.66 டாலர் விலையில் வெளிவந்த ஆப்பிள் கணினி இங்ஙனம் தோன்றியதே. இலவசமாய்த் தந்ததும் விலைக்கு விற்றதும் ஒரே வரைபடம் என்பது கருதத்தக்கது.

4. காகித நாடாவும் திறந்த மடலும்

பில் கேட்சும் பால் ஆலனும் ஆல்டேருக்கென ‘பேசிக்’ மொழிக்கான மென்பொருளை எழுதியிருந்தனர். 1975 சூனில் பாலோ ஆல்ட்டோ நகர விடுதியொன்றில் மிட்ஸ் நிறுவனத்தார் நடத்திய காட்சியின்போது, அம்மென்பொருளைத் தாங்கிய காகித நாடா ஒன்று மறைந்தது. பின்னர் அதன் படிகள் கழகக் கூட்டத்தில் வழங்கப்பெற்றன. ஒரு படி பெற்றவர் இரு படிகளாகத் திருப்பித் தருதல் அங்கு மரபாயிற்று.

1976 பிப்ரவரி 3 என நாளிட்டுக் கேட்சு எழுதிய திறந்த மடல் இக்கழகத்தின் செய்திமடலிலும் வெளிவந்தது. தம் மென்பொருளைப் பயன்படுத்துவோருள் பெரும்பாலோர் அதனை விலைகொடுத்துப் பெறவில்லை என்றும், ஆல்டேர் உடையோருள் அதனை வாங்கியோர் நூற்றுக்குப் பதின்மருக்கும் குறைவு என்றும், ஆக்கத்திற்குப் பயன்பட்ட கணினி நேரத்தின் மதிப்பே 40,000 டாலரைக் கடந்தது என்றும் அவர் முறையிட்டார். கருவிக்குப் பணம் தருவோர் மென்பொருளைப் பகிர்பொருளாகக் கருதின், அதனை எழுதியவர்க்குக் கூலி எங்கிருந்து வரும் என்பதே அவர் வினாவின் சாரம்.

இவ்வினாவில் நியாயம் உண்டு. கழகத்தைச் சார்ந்தோரும் அவர்தம் நண்பர்களும் அளித்த விடையும் எண்ணத்தக்கது. டென்னிஸ் ஆலிசன், பாப் ஆல்பிரெக்ட் ஆகியோரின் முயற்சியால் ‘டைனி பேசிக்’ என்னும் சிறு மொழி வரையறுக்கப்பட்டு, அதன் வடிவங்கள் இதழ்களில் மூலக்கட்டளைகளோடு அச்சிடப்பெற்றன. லி-சென் வாங் தம் வடிவத்தின் தலைப்பில் பதிப்புரிமை வாசகத்தைப் பகடியாகத் தலைகீழாக்கி எழுதினார். டாம் பிட்மன் தம் ஆக்கத்தை 5 டாலருக்கு விற்றார். திருடுவதினும் வாங்குதல் எளிதாகும்படி விலை அமைந்தால் மக்கள் வாங்குவர் என்பது அவர் கருத்து. இலவசம், உயர்விலை என்னும் இரண்டிற்கும் இடையே மூன்றாம் வழியொன்று இவ்வாறு காட்டப்பெற்றது.

5. திருவண்ணாமலைத் தொடர்பு

இம்மூன்றாம் வழியைப் பெருமளவில் முயன்றவர் தமிழகத்தில் வளர்ந்த ஒருவர். ஆடம் ஆஸ்போர்ன் 1939இல் பாங்காக்கில் பிறந்தார். அவர் தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், இரமண மகரிசியின் அடியவர். ‘மவுண்டன் பாத்’ இதழின் முதலாசிரியர். தந்தை சப்பானியரின் சிறையிலிருந்த போர்க்காலத்தில் தாயுடன் திருவண்ணாமலையில் வாழ்ந்த சிறுவர் ஆடம், தமிழ் பேசி வளர்ந்தவர். கொடைக்கானலில் கல்வி பயின்று, 11ஆம் அகவையில் இங்கிலாந்து சென்றார்.

பின்னாளில் கலிபோர்னியாவில் குடியேறிய அவர், நுண்கணினி குறித்துத் தாமே பதிப்பித்த அறிமுக நூலை இக்கழகக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்து விற்றார். அங்கு அறிமுகமான பெல்சன்ஸ்டீன் வடிவமைத்த ‘ஆஸ்போர்ன் 1’ கணினி 1981இல் வெளிவந்தது. ஏறத்தாழ 11 கிலோ எடையுடைய அதனைக் கையில் தூக்கிச் செல்லலாம். விலை 1,795 டாலர். சொற்செயலி, கணக்குத்தாள் முதலிய மென்பொருள்கள் அவ்விலைக்குள்ளேயே அடங்கின. நிறுவனம் 1983இல் நொடித்தது. அதன்பின்னும் குறைந்த விலையில் மென்பொருள் வெளியிடும் நிறுவனமொன்றை அவர் தொடங்கினார். 2003இல் கொடைக்கானலில் அவர் வாழ்வு நிறைவுற்றது.

6. தமிழ்க் கணிமைக்குரிய படிப்பினை

1980களிலும் 1990களிலும் கனடா, மலேசியா, சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழ்ந்த தமிழர் சிலர் கணினியில் தமிழை ஏற்றத் தனித்தனியே உழைத்தனர். அவரவர் குறியாக்கம் வெவ்வேறாக இருந்தமையால், ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றோர் எழுத்துருவில் படிக்க இயலாததாயிற்று. அறிந்ததை ஓர் அவையில் வைக்கும் வாய்ப்பு அமையாமையின் விலை அது. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியாக்கத்திற்கும் பொதுத்தரம் காண முற்பட்டபோது அந்நிலை மாறத் தொடங்கிற்று. முனைவர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை விலையின்றி வழங்கியதும், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர் பலர் இலக்கியங்களைத் தட்டச்சு செய்ததும் பகிர்வின் பயனைக் காட்டுவன. எனினும் எழுத்துரு வரைவோரும் நிரல் எழுதுவோரும் தம் ஓய்வுநேரத்தையே மொழிக்கு ஈந்து வருகின்றனர். அவ்வுழைப்பைத் தொண்டு என்று போற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை.

முடிவுரை

ஹோம்புரூ கணினிக் கழகம் 1986 திசம்பரில் தன் கூட்டங்களை நிறுத்திக்கொண்டது. உறுப்பினர் பலர் நிறுவனங்களைத் தொடங்கியபின், தொழிற்கமுக்கம் காக்க வேண்டியவர் அவையில் முன்போல் வாய்திறக்க இயலவில்லை. பகிர்வால் விளைந்த செல்வமே பகிர்வின் நாவைக் கட்டியது. ஆகவே, கூடிப் பகிரும் அவையும் வேண்டும். அவ்வவைக்கு உழைப்போர் வாழ ஊதியமும் வேண்டும். தம்மிடம் உள்ளது யாது, வேண்டுவது யாது என அவர்கள் தொடங்கிய முறையை அயலகத் தமிழ் மன்றங்கள் தம் கூட்டங்களில் மேற்கொள்ளலாம். அங்கு உழைப்போர்க்கு உரியது யாது என்னும் மூன்றாம் கேள்வியையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளுதல் நலம்.