காசி செட்டி வழக்கும் கோயம்புத்தூர் வரிவசூல் மேற்பார்வையும்

அரசுக்குரிய நிலவரியைத் தனியார் கையால் வசூலிப்பது கொங்கு நாட்டிற்குப் புதிதன்று. 1802க்குப் பின் சேலம் பகுதியில் கிராமங்கள் மிட்டாக்களாகத் தொகுக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. நிலுவைக்காகக் குடிகளின் பொருள்களை ஜப்தி செய்யும் அதிகாரத்தை அவ்வாண்டின் 28ஆம் ஒழுங்குவிதி மிட்டாதாரர் போன்றோர்க்கு அளித்தது. எனினும் மிட்டாதாரர் பலர் அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகையைக் கட்டத் தவறினர். மிட்டாக்கள் பல அரசின் கைக்கே திரும்பின.

1799இல் கம்பெனி வசமான கோயம்புத்தூரின் நிலை வேறு. வடபகுதியில் மெக்லியோடும் தென்பகுதியில் ஹர்டிஸும் தீர்வை விதித்தனர். உழவரிடம் அரசே நேரில் வரி பெறுவதால் இடைத்தரகர் ஒழிவர் என்பது ரயத்துவாரி முறையின் அடிப்படை வாதம். அவ்வாதத்தை ஆட்டங்காணச் செய்தது காசி செட்டி வழக்கு.

காசி செட்டி மாவட்டக் கருவூலப் பொறுப்பில் இருந்தவர், வணிகமும் நடத்தியவர். கலெக்டர் காரோவின் முழு நம்பிக்கையைப் பெற்றிருந்த அவரும் அவரைச் சார்ந்த அலுவலரும் நெடுங்காலம் வருவாயைக் கையாடியதை, மன்றோவும் ஜான் சல்லிவனும் 1815-16இல் நடத்திய விசாரணை வெளிக்கொணர்ந்தது. அரசு ஊழியரும் தனி வணிகரும் ஒரே ஆளாக இருந்தமையே இங்குச் சிக்கலின் மையம். கலெக்டர் பார்த்த கணக்கு, யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்தம் கூட்டத்தாரே எழுதியது. மேற்பார்வை என்னும் சொல் ஏட்டில் மட்டுமே இருந்தது எனலாம். சல்லிவன் பின்னர் அதே மாவட்டத்தின் கலெக்டரானார்; இன்று அவர் பெயர் உதகமண்டலத்தோடு மட்டும் நினைக்கப்படுகிறது.

மன்றோ ஆளுநராயிருந்த 1822இல் இயற்றப்பட்ட 9ஆம் ஒழுங்குவிதி, வருவாய்த்துறை ஊழியரின் கையாடலையும் சட்டவிரோத வசூலையும் விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கலெக்டருக்கே வழங்கியது. கோயம்புத்தூரில் தவறியது கலெக்டரின் கண்காணிப்பு. மருந்தோ அதே பதவியின் கையை வலுப்படுத்துவதாக அமைந்தது. மேலும், 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதியால் தாசில்தார் காவல் அதிகாரமும் பெற்றிருந்தார். வரி கேட்பவரிடமே குடியானவன் முறையிட வேண்டியதாயிற்று.

இதன் விளைவை 1855இல் வெளியான சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை காட்டுகிறது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகியோர் அடங்கிய அக்குழு, வரி நிலுவைக்காகக் கிட்டி பூட்டுதல், அண்ணாந்தாள் இடுதல் முதலிய கொடுமைகள் சென்னை மாகாணத்தில் வழங்கியதைப் பதிவுசெய்தது. வருவாய், காவல் அதிகாரங்கள் ஒருவரிடமே குவிந்திருந்ததைக் குறையாகச் சுட்டியது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் காவல்துறையைத் தனியே அமைத்தது. ஜப்தி, ஏலம், சிறை ஆகியவற்றுக்கான நடைமுறைகளை 1864ஆம் ஆண்டின் சென்னை வருவாய் வசூல் சட்டம் வகுத்தது. அச்சட்டத்திலும் வசூலின் தலைமை கலெக்டரிடமே இருந்தது.