உறுப்பும் உரிமையும்

ஒரு சங்கத்தைச் சேர்ந்தவரை ஆங்கிலத்தில் 'மெம்பர்' என்பர். அச்சொல் பிறந்த இலத்தீன் மொழியில் அதற்கு உடலின் உறுப்பு என்று பொருள். நம் நாட்டில் முதலில் 'அங்கத்தினர்' என்றும், பின்னர் 'உறுப்பினர்' என்றும் வழங்கினோம். அங்கமும் உறுப்பும் ஒரே பொருளன. தமிழில் மற்றொரு நயமும் உண்டு. உறுப்பு, உறவு என்னும் இரு சொற்களும் 'உறு' என்னும் ஒரே வேரிலிருந்து தோன்றியவை. உறுப்பினராவது உறவாவது என்பதைச் சொல்லே நமக்கு உணர்த்துகின்றது.

ஆங்கிலத்தில் வழங்கும் ஏனைய சொற்களும் ஆராயத்தக்கன. 'கம்பெனி' என்பது கூடி அமர்ந்து ஒரே ரொட்டியை உண்டவர்களைக் குறித்த சொல். 'காம்ரேட்' என்பவன் ஓர் அறையில் உடன் தங்கியவன். 'சொசைட்டி' என்பது தோழன் என்னும் பொருளுடைய சொல்லின் வழிவந்தது. 'பார்ட்டி' என்பதோ பகுதி, பங்கு என்னும் கருத்தில் பிறந்தது. நம் 'பங்காளி'யை இதனோடு ஒப்பிடலாம். பங்குக்கு உரியவன் அவன். பங்கின் பொருட்டே வழக்குக்கு நிற்பவனும் அவனே! உண்பதும், உடனுறைவதும், பங்கிடுவதுமாகிய இச்செயல்களிலிருந்தே குழுவைக் குறிக்கும் பெயர்கள் பிறந்தன. ஏட்டில் பெயர் எழுதும் வழக்கம் பின்னர் வந்தது.

உறுப்பினருக்குத் தகுதி வகுக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளே சான்று. அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாரியத்தில் அமர விரும்புவோர் இறை செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும் உடையராய், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதினராய், வேதப் பயிற்சி பெற்றவராய் இருத்தல் வேண்டும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். கணக்குக் காட்டாதவனுக்கு அவையில் இடமில்லை என்னும் இந்த விதி எக்காலத்துக்கும் ஏற்றது. எனினும் ஒன்றை மறைத்தல் கூடாது. அது அந்தணர் ஊரின் சபை. உழுதவர்க்கும், நெய்தவர்க்கும், பெண்டிர்க்கும் அங்கு இடமில்லை. உள்ளே இருப்பவர்க்குச் சீரிய விதி, வெளியே இருப்பவர்க்குச் சாத்திய கதவு: எல்லாக் குழுவுக்கும் இவ்விரண்டு முகங்களும் உண்டு.

தனிமனிதர் ஒரு சங்கத்தில் சேர்வது அவர் விருப்பம். ஓர் ஊர் முழுவதும் ஒரு நாட்டில் சேர்வது எவர் விருப்பம்? இவ்வினா எழுந்த இடம் எங்கள் திருத்தணிகை. கார்வேட்டி நகர் சமீனில் இருந்த இவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் சென்றது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பரில் உயிர் துறந்தபின், 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டத்தோடு தணிகையும் அம்மாநிலத்துக்குள் சென்றது.

அதனை ஏலாத தமிழர் வடக்கெல்லைப் போராட்டத்தில் இறங்கினர். தமிழரசுக் கழகத்தை நடத்திய ம. பொ. சிவஞானமும், ஊர்தோறும் தமிழ் கற்பித்த மங்கலங்கிழாரும் அதில் முன்னின்றனர். பலர் சிறை சென்றனர். பின்னர் படாஸ்கர் நடுவராக அமைந்து, சிற்றூரை அலகாகவும், பெரும்பான்மையோர் மொழியையும், நிலத் தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் கொண்டு எல்லை வகுத்தார். 1959-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. 1997 முதல் தணிகை திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

டாக்டர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன் 1888-இல் தெலுங்கு பேசும் குடும்பத்தில் இவ்வூரில் பிறந்தார். அவர் வாழ்நாளிலேயே அவர் பிறந்த ஊர் வட ஆர்க்காட்டிலும், சித்தூரிலும், ஆந்திர மாநிலத்திலும், மீண்டும் சென்னை மாநிலத்திலும் சேர்க்கப்பட்டது. ஊர் இடம் பெயரவில்லை, மலையும் அசையவில்லை, பதிவேடே மாறியது. அவரோ எல்லைகளைக் கடந்து 1962-இல் இந்தியக் குடியரசின் தலைவரானார்.

பெரும்பான்மை கருதி எல்லை வகுத்தல் நேரிய முறையே. ஆயினும் எந்தக் கோடும் எல்லா வீட்டையும் பிரித்தறிய வல்லதன்று. எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பகுதியில் தமிழ் பேசுவோர் உளர். இப்பால் தணிகையில் தெலுங்கு பேசுவோர் உளர். அவர்கள் எண்ணிக்கையிற் சிறியர். அது பற்றி அவர்களை அயலார் எனக் கருதலாமா? எங்கள் வட்டாரப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆடிக் கிருத்திகையில் முந்நூற்று அறுபத்தைந்து படிகளிலும் காவடியோடு ஏறுவோரை 'நீர் எம்மொழியினர்?' என்று யாரும் வினவுவதில்லை.

இங்குதான் 'உறுப்பு' என்னும் சொல் நமக்கு வழிகாட்டுகின்றது. சிறுவிரல் சிறிதென்று உடல் அதனைத் தள்ளுவதில்லை; அதில் முள் தைத்தால் கண்ணும் நீர் சொரிகின்றது. சந்தா செலுத்தியவரும், வாக்களித்தவரும், சட்டத்தால் இணைக்கப்பட்டவரும் பதிவேட்டளவில் உறுப்பினரே. ஆனால் ஒருவர் துன்பம் மற்றவர்க்கும் துன்பமாகும்போதுதான் அப்பெயர் மெய்யாகும். எல்லை வேண்டிப் போராடியோர் தம் மொழிக்கு உரிய இடத்தையே கேட்டனர். அதைப் பெற்ற நாம், நம்மிடையே வாழும் பிற மொழியாளர்க்கும் அவ்விடத்தை மறுக்கலாகாது. கூடி உண்ணும் பந்தியில் ஓர் இலையையும் வெறுமையாக விடாத பண்பு தமிழருடையது. அப்பண்பு நம் சங்கங்களிலும், ஊர்களிலும், மாநிலங்களிலும் நிலவுதல் வேண்டும்.