'வைத்திலேன்': மணிமேகலையில் நம்பிக்கையும் விருப்பமும்

மணிமேகலையின் கடைசிக் காதைகளை ஒரு தனிமனிதச் சமயத் தெரிவின் கதையாகப் படிப்பது நம்மிடையே ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. மணிமேகலை வஞ்சியில் சமயவாதிகள் பதின்மரின் உரையைக் கேட்கிறாள், ஒவ்வொன்றையும் எடைபோடுகிறாள், எதுவும் பிடிக்காமல் கச்சிக்குப் போய்ப் பௌத்தத் துறவி அறவணர் சொன்னதை எடுத்துக்கொள்கிறாள். பல கடை ஏறி இறங்கிச் சேலை எடுப்பது போன்ற சித்திரம் இது. இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. பிறந்த குலம் விதித்த வாழ்வை உதறிய பெண், தன் நம்பிக்கையையும் தானே தெரிந்தெடுத்தாள் என்று சொல்லும்போது கதை நிறைவடைந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் நூல் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் தம் வாழ்வைத் தெரிந்தெடுக்கலாம், நம்பிக்கையை அப்படித் தெரிந்தெடுக்க இயலாது என்னும் வேறுபாட்டை நூலாசிரியர் சாத்தனார் மிகுந்த கவனத்தோடு பேணியிருக்கிறார் என்பதே என் வாதம். நூலின் காலமும், 29ஆம் காதைக்கு நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி அளவை நூலோடு உள்ள உறவும் இங்கே எனக்கு வேண்டியவை அல்ல.

தெரிவு வாசிப்பு முழுவதும் ஒரே ஒரு வினைமுற்றின் மேல் நிற்கிறது. கச்சியில் அறவணரை வணங்கிய மணிமேகலை, வேற்றுருக் கொண்டு சமயக் கணக்கர்களின் நுண்பொருளைக் கேட்டதையும், அவை செவ்விதாக இல்லாமையால் அவற்றைச் சிந்தையில் வைக்காததையும் சொல்லி, மெய்ப்பொருளை அருளுமாறு வேண்டுகிறாள். அங்கே அவள் ஆளும் சொல் 'வைத்திலேன்'. தன்மை ஒருமை, செய்வினை, எதிர்மறை. வைத்தலும் வைக்காதிருத்தலும் அவள் கையில் இருந்தன, அவள் வைக்காமல் விட்டாள் என்று இதைப் படிக்கிறார்கள். போதாக்குறைக்கு, இயலாமையைச் சொல்வதுதான் புலவரின் நோக்கம் என்றால் ஆற்றலைக் குறிக்கும் 'கில்' சேர்த்து 'வைக்ககில்லேன்' என்று பாடியிருக்கலாமே என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானது. எளிதில் தள்ளிவிடக் கூடியதும் அல்ல.

எனினும் வினைமுற்றை அதன் தொடரிலிருந்து பிரித்துப் படிக்க முடியாது. அதற்கு முன்னே 'அன்மையின்' என்னும் காரணச் சொல் நிற்கிறது. செவ்விது அல்லாமையே காரணம். வைக்காமை அதன் விளைவு. 'எனக்கு வேண்டாம் என்பதால்' என்றோ 'என் உள்ளம் விரும்பாமையால்' என்றோ அவள் சொல்லவில்லை. குறை சமயங்களின் மேல் இருக்கிறது, அவள் விருப்பத்தின் மேல் இல்லை. 'அவன் சொன்னதை நான் நம்பவில்லை' என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். வடிவத்தில் அதுவும் தன்மைச் செய்வினைதான். நம்பாமல் இருப்பது என்று யாராவது உட்கார்ந்து முடிவெடுத்தா அப்படிச் சொல்கிறார்கள்? இலக்கண வடிவம் ஒருவரை எழுவாயாக்கும். அதனாலேயே அவரை முடிவெடுத்தவராக்கிவிடாது.

இந்தத் தொடரில் இன்னொரு சிறு சொல் இருக்கிறது. அதற்குரிய கவனம் கிடைத்ததாகத் தெரியவில்லை. சமயங்களைச் சொல்லும் முன் அவள் தான் கொண்ட அந்த உருவைச் சுட்டி, 'என்ன' என்னும் உவம உருபைச் சேர்க்கிறாள். தான் பூண்டிருந்த மாதவன் வடிவைப் போன்றவை அந்தச் சமயங்கள் என்கிறாள். உவமை 'செவ்விது அன்மை'யோடு சேருமா, 'வைத்திலேன்' என்பதோடு சேருமா என்று ஐயுறலாம். இரண்டுக்கும் இடமுண்டு, முடிந்த முடிபாக ஒன்றைச் சொல்ல நான் துணியவில்லை. எப்படிக் கொண்டாலும் ஒப்பிடப்படும் பொருள் வேடம் என்பது மட்டும் மாறாது.

அந்த வேடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உவமையின் ஆழம் தெரியும். 10ஆம் காதையில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மந்திரம் தருகிறது. இளம்பெண் என்பதால் சமயவாதிகள் உனக்குத் தம் பொருளை உரைக்க மாட்டார்கள் என்று சொல்லி, வேற்றுரு எய்தவும் வானில் இயங்கவும் மந்திரம் அருள்கிறது. பசி தீர்க்கும் மந்திரமும் உண்டு. உருவை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், பசியை வெல்லலாம். மெய்ப்பொருளை நம்பவைக்கும் மந்திரம் மட்டும் அந்தத் தெய்வத்திடமும் இல்லை. அதற்கு அவள் நேரில் போய்க் கேட்க வேண்டும். இந்த இடத்தை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் நான் நின்றுவிடுகிறேன்; காப்பியத்தின் அறிவுக் கொள்கை முழுவதும் இந்தக் கொடைப் பட்டியலின் விடுபாட்டில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உரு விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது: வேண்டும்போது பூணலாம், வேண்டாதபோது களையலாம். அப்படிப் பூணத் தக்கவையாக மட்டுமே பதின்மர் உரை அவளுக்கு இருந்தது, அதனாலேயே உள்ளே போகவில்லை என்று இந்த உவமையைக் கொள்கிறேன்.

வேடத்தின் வலிமையைச் சாத்தனார் குறைத்து மதிப்பிட்டவரும் அல்லர். காயசண்டிகை உருவில் இருந்த மணிமேகலையைக் கண்ட காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி இளவரசன் உதயகுமரனை வாளால் வெட்டினான். அவன் அந்த நம்பிக்கையைத் தெரிந்தெடுத்தானா? கண் காட்டியது, நம்பினான். வெட்டியது மட்டுமே அவன் செய்த செயல்.

இனி 27ஆம் காதைக்கு வருவோம். வேதவாதி பேசி முடித்ததும் ஆசீவகனை நோக்கித் திரும்பும் மணிமேகலையின் உள்ளத்தைப் புலவர் ஒரு சொல்லில் காட்டுகிறார்: 'இசையாது'. இதன் எழுவாய் மணிமேகலை அல்லள், அதுவரை பேசியவர்களுடைய உரை. உரைதான் மெய்த்திறத்தோடு இசையாமல் நிற்கிறது. 29ஆம் காதையில் அவள் தன்மையில் சொல்வதும் 27ஆம் காதையில் புலவர் காட்டுவதும் ஒரே நிகழ்ச்சி. ஆகவே ஐயத்துக்கு இடமுள்ள 'வைத்திலேன்' என்பதை, ஐயத்துக்கு இடமில்லாத 'இசையாது' என்பதன் ஒளியில் படிப்பதே முறை. தெரிவு வாசிப்பு இதைத் தலைகீழாகச் செய்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு ஏடு புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. சம்பந்தம் பேசிவிட்டு வந்த வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம்: 'பொருத்தமெல்லாம் பாத்தாச்சு, எனக்கு என்னவோ மனசு ஒப்பல.' சம்பந்தத்தை வேண்டாம் என்பது அவர்கள் எடுக்கும் முடிவு. மனம் ஒப்பாதது முடிவு அல்ல, அவர்களுக்கு நேர்ந்தது. 'நான்' அங்கே 'எனக்கு' ஆகிவிடுகிறது.

மெய்ப்பொருள் அருளுக என்றவளுக்கு அறவணர் தந்த விடையும் இதையே உறுதிசெய்கிறது. நம்பு என்று அவர் சொல்லவில்லை. அளவை (அறியும் வழி) இரண்டு என்று தொடங்கி, பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என விரித்து, பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என 33 பிழைகளையும் சொல்லித் தருகிறார். இலக்கிய வாசகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் பகுதி இது. எனக்கோ காப்பியத்தின் உச்சமே இதுதான். அவர் காட்டும் எடுத்துக்காட்டையே பார்ப்போம். மலையில் புகை தெரிகிறது. அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே மலையில் நெருப்பு உண்டு. விறகடுப்பின் முன் உட்கார்ந்து கண் கரிய ஊதியவருக்கு அந்தப் புகையைக் கண்டபின் நெருப்பு இல்லை என்று நம்பும் உரிமை இருக்கிறதா? வாயால் சொல்லலாம். நம்ப முடியாது. அளவை என்பது விருப்பத்துக்கு இடம் வைக்காத ஒரு பிணைப்பு. அதனால்தான் தெரிவு செய்ய வந்தவளுக்குத் தர வேண்டியதை அல்லாமல், அறிய வந்தவளுக்குத் தர வேண்டியதை அறவணர் தருகிறார்.

காதையின் முடிவில் ஓர் ஏவல் இருப்பது உண்மை. மெய்யையும் பொய்யையும் இந்த விதியால் ஆய்ந்து 'அறிந்துகொள்' என்கிறார். 'கொள்' என்பதைப் பற்றிக்கொண்டு தெரிவு வாசிப்பை மீட்க முயல்வது வீண். அது இங்கே துணைவினை. ஏவப்படுவது ஆய்தல். விருப்பத்துக்கு உரிய இடம் அதுவே: வஞ்சிக்குப் போவதும், வேடம் பூணுவதும், கேள்வி கேட்பதும், இறுதிவரை நின்று கேட்பதும் அவளுடைய செயல்கள். அவற்றின் பெருமையை நான் துளியும் குறைக்கவில்லை.

தெய்வம் முன்கூட்டியே எல்லாம் சொல்லிவிட்டதால் வஞ்சிக் காட்சியே வெறும் சடங்கு என்னும் மறுப்புக்கு நீண்ட விடை தேவையில்லை. கேட்பாய் என்று தெய்வம் சொன்னது கேட்டலின் தேவையை நீக்கிவிடவில்லை. பூதவாதியோடு நிகழும் உரையாடல் சற்றுக் கனமானது. காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்ளும் அவனிடம் தன் முற்பிறப்பு உணர்ச்சியைச் சொன்னபோது, அது தெய்வ மயக்கமோ கனவோ ஆகலாம் என்கிறான். தெரிந்தெடுக்கப்படாத நம்பிக்கை ஏமாற்றமாகவும் இருக்கலாம் என்பதே அவன் சொன்னதன் உட்பொருள்; காஞ்சனன் அதற்குச் சான்று. அவள், 'எனக்கு இதுவே விருப்பம்' என்று ஒதுங்கவில்லை. உன் தந்தை தாயரைக் கருத்தளவையால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று திருப்பிக் கேட்கிறாள். நம்பிக்கை தாக்கப்படும்போது அவள் உரிமையை எடுக்கவில்லை, அளவையை எடுக்கிறாள்.

சரணடைதல் விருப்பச் செயல் ஆயிற்றே எனலாம். ஆம், ஆனால் அது ஒப்பிய மனம் செய்யும் செயல். அறவணரின் ஏவலோடு 29ஆம் காதை முடிகிறது. 30ஆம் காதை தொடங்கும்போது அவள் மும்மணியை வணங்கிச் சரண் புகுகிறாள். இவ்விரண்டுக்கும் நடுவே அவளைப் பற்றிப் புலவர் சொல்வன மூன்று: தானம் தாங்கினாள், சீலத்தில் நின்றாள், சென்ற பிறப்பை உணர்ந்தாள். முதல் இரண்டும் அவள் செய்தவை. மூன்றாவது, மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டபோது அவளிடம் எழுந்த அறிவு. தேர்ந்தாள், தெரிந்தெடுத்தாள் என்று ஒரு வினை அங்கே வந்திருக்க வேண்டுமானால் வந்திருக்கக் கூடிய இடம் இதுதான். வரவில்லை.