ஐசியூ-வின் முதல் வென்டிலேட்டர் மனிதக் கைதான்

1/
கொரோனா சமயத்தில் எல்லாரும் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கா?

"டாக்டர், உங்க ஆஸ்பத்திரியில எத்தனை வென்டிலேட்டர் இருக்கு?"

"அந்த வென்டிலேட்டர் பக்கத்துல ராத்திரி மூணு மணிக்கு நிக்க எத்தனை சிஸ்டர் இருக்காங்க?" என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

ரெண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஏன்னு புரியணும்னா 1952-க்குப் போகணும். நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/
1952 ஆகஸ்ட். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன். ஊர் முழுக்க போலியோ.

தொற்றுநோயாளிகள் எல்லாரும் பிளெக்டாம் மருத்துவமனைக்குத்தான் வந்தார்கள். பலர் குழந்தைகள். போலியோ என்றால் நமக்குக் கால் சூம்பிப்போவதுதான் நினைவுக்கு வரும். இவர்களில் நிறைய பேருக்கு மூச்சு விடும் தசையும் விழுங்கும் தசையும் செயலிழந்துவிட்டன. எச்சில்கூட மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் நிலை.

மருத்துவமனையில் இருந்தது உடம்பை உள்ளே படுக்கவைக்கும் பெரிய சுவாசத் தொட்டி 1, நெஞ்சில் மாட்டும் சிறிய கருவி 6. அவ்வளவுதான்.

அப்படிக் கருவியில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

3/
தலைமை மருத்துவர் லாசென், பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரைக் கூப்பிட்டார். அன்றைக்கு மயக்க மருந்து டாக்டருக்கு ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வேலையே கிடையாது.

இறந்தவர்களின் ரிப்போர்ட்டைப் பார்த்த இப்சன் ஒன்றைப் பிடித்தார். இவர்களைக் கொன்றது மூளைக்குப் போன வைரஸ் இல்லை. காற்று சரியாக உள்ளே போய் வெளியே வராததால் ரத்தத்தில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு.

ஆகஸ்ட் 27. சாகக் கிடந்த 12 வயதுச் சிறுமிக்குக் கழுத்தில் துளை போட்டு, குழாய் வைத்து, தியேட்டரில் பயன்படுத்தும் ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார்கள். பிள்ளை பிழைத்தது.

4/
சரி, ஒரு பிள்ளைக்கு அமுக்கியாச்சு. மத்தவங்களுக்கு? ஒரே நேரத்தில் 70 பேர் வரை இப்படிக் கிடந்த நாட்களும் உண்டு.

மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். சுமார் 1,500 பேர், ஷிஃப்ட் போட்டு, இரவும் பகலும், மாதக்கணக்கில். மொத்தம் சுமார் 1,65,000 மணி நேரம் கையாலேயே பை அமுக்கினார்கள். 80 சதவீதத்துக்கு மேல் இருந்த இறப்பு, அந்தத் தொற்று அடங்குவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கியது.

மாணவர்கள் பை அமுக்கிய நேரத்தில் சளியை உறிஞ்சி எடுக்கணும். திருப்பிப் படுக்கவைக்கணும். குழாய் வழியாக உணவு கொடுக்கணும். மானிட்டர் இல்லாத காலம். நெற்றியில் வியர்வை, உதட்டின் நிறம், பிபி ஏறுவது, இதையெல்லாம் கண்ணால் பார்த்துப் பிடிக்கணும். அதாவது நர்சிங். வரலாறு இப்சன் பேரைச் சொல்லும், மாணவர்களைச் சொல்லும். நர்ஸ்களுக்கு அதில் ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

5/
1953 டிசம்பரில் இப்சன் அதே ஊரில் இன்னொரு மருத்துவமனையில் தனி வார்டு ஆரம்பித்தார். உலகின் முதல் ஐசியூ என்று பலரும் சொல்வது அதைத்தான். நம்ம ஆம்புலன்ஸில் நீங்க பார்த்திருக்கும் 'அம்பு பேக்' இருக்கே, அதுவும் 1956-ல் டென்மார்க்கில் வந்ததுதான்.

ஆபத்தான நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்து, ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்காமல் ஒரு மனிதர் பக்கத்தில் இருப்பது. ஐசியூ என்ற யோசனையே இதுதான். மெஷின் எல்லாம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவை.

6/
அடுத்த திருப்பம் அமெரிக்காவில், 1962. மாரடைப்பு நோயாளிகளுக்கான தனி வார்டுகள்.

மாரடைப்பு வந்தவருக்கு இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி நின்றால், மின் அதிர்ச்சி கொடுக்க சில நிமிடங்கள்தான் அவகாசம். டாக்டர் ஓடி வருவதற்குள் முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் யார்? நர்ஸ்.

ஃபிலடெல்ஃபியாவில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சரும் நர்ஸ் ரோஸ் பின்னியோவும் சேர்ந்து, இசிஜியைப் படித்து, தேவைப்பட்டால் டாக்டருக்குக் காத்திராமல் ஷாக் கொடுக்க நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதுவரை டாக்டர் மட்டுமே செய்யலாம் என்று இருந்த வேலை. 1965-ல் இதற்கென்றே நர்ஸ்களுக்குக் கையேடும் வெளியிட்டார்கள். 1969-ல் அங்கே இந்த நர்ஸ்களுக்கென்று தேசிய சங்கமே வந்துவிட்டது.

7/
இங்கிருந்துதான் சிக்கலான பகுதி. ஒரு மாத்திரை வேலை செய்யுதான்னு பார்க்க, பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம்.

நர்சிங்கை எப்படிச் சோதிப்பது? "உங்களுக்கு நல்ல கவனிப்பு, பக்கத்து பெட்டுக்குக் கம்மி கவனிப்பு" என்று குலுக்கல் போட முடியுமா? அதோடு நல்ல நர்சிங்கின் பலன், ஏதோ ஒன்று நடக்காமல் இருப்பது. புண் வரவில்லை, குழாய் பிடுங்கிக்கொள்ளவில்லை, நிமோனியா வரவில்லை. வராததை யார் எண்ணுவது?

8/
ஒரு உதாரணம். 1999-ல் பார்சிலோனாவில் ஒரு ஆய்வு. வென்டிலேட்டரில் இருந்த 86 பேரில் ஒரு பகுதியினரைத் தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்தியும், மற்றவர்களைத் தட்டையாகவும் படுக்கவைத்தார்கள். நிமோனியா சந்தேகம்: உயர்த்தியவர்களில் 39-க்கு 3, தட்டையாக இருந்தவர்களில் 47-க்கு 16. செலவே இல்லாத வைத்தியம்! உலகம் முழுக்க விதியாக எழுதிக்கொண்டார்கள்.

2006-ல் நெதர்லாந்தில் திரும்பச் செய்து பார்த்தார்கள். இந்த முறை கட்டிலின் கோணத்தை மெஷின் வைத்துத் தொடர்ந்து அளந்தார்கள். 45 டிகிரி என்று உத்தரவு. நிஜத்தில் சராசரி 28 டிகிரி; ஒரு வாரத்தில் 23. நிமோனியாவில் வித்தியாசமும் தெரியவில்லை.

நோயாளி சரிந்து இறங்குவார். துடைக்க, திருப்ப, எக்ஸ்ரே எடுக்கக் கட்டிலைத் தாழ்த்தணும். மறுபடி தூக்கிவிட ஒரு ஆள் அங்கே இருக்கணும். கேஸ் ஷீட்டில் '45' என்று எழுத எனக்கு ரெண்டு வினாடி போதும். அதை 24 மணி நேரமும் 45-ஆகவே வைத்திருப்பது ஒரு மனித உழைப்பு.

9/
அந்த உழைப்பை எண்ணிக் காட்டியவர் லிண்டா ஐக்கன். அடிப்படையில் இவர் ஒரு நர்ஸ். 2002-ல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகள், 2,32,342 அறுவை சிகிச்சை நோயாளிகளின் விவரத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது.

இது சோதனை இல்லை, இருக்கும் தகவலை வைத்துப் பார்த்த ஆய்வு. அதனால் 'இதுதான் காரணம்' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒதுக்கவும் முடியாது.

10/
இன்னொன்று. மிச்சிகன் மாநிலம், 2006-ல் வெளிவந்த ஆய்வு, 103 ஐசியூக்கள். கழுத்து, நெஞ்சு நரம்பில் போடும் பெரிய குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறுவதைத் தடுக்க 5 எளிய படிகள். கை கழுவுவதுதான் முதல் படி. புது மருந்து எதுவும் கிடையாது.

அதில் ஒரு விதி: டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசரம் இல்லாத பட்சத்தில் நர்ஸ் அவரை நிறுத்தலாம். "சார், கை கழுவல. நிறுத்துங்க." அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம். மூணே மாசத்தில் பாதிக்கு மேற்பட்ட ஐசியூக்களில் அந்தத் தொற்று பூஜ்யம்.

நம்ம ஊர் வார்டுகளில் ஒரு சிஸ்டர் டாக்டரைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியுமா? டாக்டர்கள் நாங்கள்தான் இதற்குப் பதில் சொல்லணும்.

11/
பிரச்சினையைச் சுருக்கமா சொல்றேன். ஒரு நர்ஸுக்கு ஒன்று ரெண்டு நோயாளிகள் இருக்கும் நாட்டில் ஆய்வு நடக்கிறது. அந்த விதிமுறை அப்படியே, ஒரு நர்ஸுக்கு நாலஞ்சு நோயாளிகள் இருக்கும் ஐசியூ சுவரில் ஒட்டப்படுகிறது. பிறகு "ஏன் இங்கே பலன் இல்லை?" என்று கேட்கிறோம். இங்கே எது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க வேண்டியவரும் அதே நர்ஸ்தான். டியூட்டி முடிந்து ரெஜிஸ்டர் எழுதவே நேரம் போதாதவர் எப்போது ஆய்வு செய்வார்?

12/
உங்களால் முடிந்தது என்ன?

உங்க ஊரில் புது ஐசியூ திறக்கிறாங்கன்னா, எத்தனை பெட் என்று கேட்கும்போதே எத்தனை நர்ஸ் பணியிடம் என்றும் கேளுங்க. எம்எல்ஏ-விடம், கிராம சபையில், எங்கே முடியுமோ அங்கே. தனியார் மருத்துவமனையிலும் தயங்காமல் கேளுங்க: "நைட்ல ஒரு சிஸ்டர் எத்தனை பேஷன்ட் பாக்குறாங்க?"

உள்ளே உங்க சொந்தக்காரர் இருக்கும்போது சிஸ்டர் உடனே வெளியே வந்து பேசலைன்னா, கொஞ்சம் பொறுங்க. அந்த நேரத்தில் யாரோ ஒருவரின் சளியை எடுத்துக்கொண்டிருப்பார். அது உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம்.

ஐசியூ நர்ஸாக இருக்கும் அக்கா, தங்கச்சி, தம்பி யாராவது உங்க வீட்டில் இருந்தா, இதை அவங்களுக்கு அனுப்புங்க.