மலையான விலங்குகள்: மதுரையின் வேட்டைக் கதைகள்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் தனித்தெழுந்து நிற்கும் பாறைக்குன்றுகளுள் வடகிழக்கில் உள்ள யானைமலையும், மேற்கில் நெடுந்தொலைவு நீண்டு கிடக்கும் நாகமலையும், தென்மேற்கில் உள்ள பசுமலையும் நகரை அழிக்க ஏவப்பட்டு வீழ்த்தப்பட்ட பெருவிலங்குகளின் உடல்களே என்று தலபுராணம் கூறுகிறது. இறைவன் மதுரையில் நிகழ்த்திய 64 லீலைகளைப் பாடும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இக்கதைகள் 22, 28, 29ஆம் படலங்களாக அமைந்துள்ளன. பகைவனை அழிப்பதற்காகச் செய்யப்படும் வேள்விக்கு ஆபிசார வேள்வி என்று பெயர். சமணர் அத்தகைய வேள்வி செய்து, அதன் தீயிலிருந்து இவ்விலங்குகளை எழுப்பினர் என்பது புராணத்தின் கூற்று.

மூன்று விலங்குகளும் ஒரே வழியில் வீழ்வதில்லை என்பதே இக்கதைகளின் தனிச்சிறப்பு. யானையை வேடனாக வந்த இறைவன் நரசிங்கக் கணையால் எய்கிறான். நாகத்தைப் பாண்டியனே அம்பெய்து கொன்றாலும், அது கக்கிய நஞ்சு ஊரைச் சூழ்ந்துகொள்ள, இறைவன் தன் சடையிலிருந்து அமுதம் தெளித்த பின்னரே நகர் பிழைக்கிறது. கொல்லத் தகாத பசுவின்மேல் படைக்கலமே எடுக்காமல் நந்தியை அனுப்ப, அதன் அழகில் மயங்கிய பசு உயிர்விட்டு மலையாகிறது. எதிரியின் இயல்பை அறிந்த பிறகே கருவியைத் தேர வேண்டும் என்ற வேட்டுவனின் அறிவு மூன்று கதைகளிலும் ஊடாடுகிறது.

இதே அறிவின்மேல் எழுப்பப்பட்ட விளையாட்டொன்று நம் காலத்தில் ஜப்பானில் பெரும்புகழ் பெற்றது. கேப்காம் நிறுவனம் 2004இல் வெளியிட்டு, 2005இல் பிஎஸ்பி என்னும் கையடக்கக் கருவிக்குக் கொண்டுவந்த மான்ஸ்டர் ஹண்டரில், மலைபோன்ற முதுகுடைய லாவோ ஷான் லூங் என்னும் முதிய நாகம் கோட்டையை நோக்கி மெல்ல நடந்துவர, அதைத் தடுத்து நிறுத்துவது வேட்டுவரின் கடமையாகிறது. நால்வர் அருகருகே அமர்ந்து ஒரே விலங்கை எதிர்க்கலாம் என்பது அவ்விளையாட்டின் பெரும்பலம். நடப்பதற்கும் பார்வையைத் திருப்புவதற்கும் உரிய விசைகள் இரண்டும் இடக்கட்டைவிரலின் கீழேயே அமைந்ததால், விலங்கோடு போராடுவதற்குமுன் கருவியோடு போராட வேண்டியிருந்தது அதன் குறை. வீழ்ந்த விலங்கின் எலும்பும் தோலும் அவ்விளையாட்டில் அடுத்த வேட்டைக்குரிய படைக்கலமாகின்றன. மதுரையிலோ வீழ்ந்த விலங்கு நிலமாகவே மாறி, மக்கள் அதன் நிழலில் ஊர் அமைத்து வாழ்கின்றனர். கதையை மண்ணோடு பிணைத்த இத்திறம் புராணத்துக்கே உரியது.

ஆனால், புராணத்தின் குறை அவ்விளையாட்டின் குறையைவிட ஆழமானது, வருந்தத்தக்கதும்கூட. எவ்வுயிரையும் கொல்லாமையைத் தலையாய நோன்பாகக் கொண்ட ஒரு சமயத்தாரையே அது கொலைவிலங்குகளை ஏவியவராக்கிவிட்டது. யானைமலையின் இயற்கைக் குகைத்தளத்தில், துறவியர் தங்கிய இடத்தில், தமிழ்பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அம்மலையை ‘இவகுன்றம்’ என்று குறிக்கிறது. தமிழ்பிராமி என்பது தமிழ் எழுதப்பட்ட மிகப் பழைய எழுத்துவகை. இவம் என்பது யானையைக் குறிக்கும் இபம் என்ற வடசொல்லின் திரிபு. ஆகவே, பரஞ்சோதியார் பாடுவதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே அம்மலை யானையின் பெயரைத் தாங்கியிருந்தது. படுத்திருக்கும் யானைபோன்ற அதன் தோற்றம் பெயரைத் தர, பெயரிலிருந்து பின்னாளில் கதை பிறந்தது என்று கொள்வதே பொருந்தும்.

நாகமலையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர்மலையில், செட்டிப்புடவு என்னும் குகையின் உட்புறம் ஒரு புடைப்புச் சிற்பம் உள்ளது. சமணர் வணங்கும் பெருஞானியரான தீர்த்தங்கரரின் காவல்தெய்வமாகிய பெண்ணுக்கு இயக்கி என்று பெயர். அச்சிற்பத்தில் சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லேந்திய இயக்கி, யானைமீது வரும் வீரனை எதிர்த்து நிற்கிறாள். யானையை எதிர்க்கும் வில்லைச் சமணரும் தம் பாறையில் செதுக்கி வணங்கினர் என்பதை எண்ணும்போது, ஒருதரப்பை வேட்டுவராகவும் மறுதரப்பை விலங்கை ஏவியவராகவும் பிரித்த புராணத்தின் கோடு வலுவிழந்துபோகிறது.

இரு சமயத்தாரும் ஒரே மலையைப் பகிர்ந்துகொண்டதற்கு யானைமலையே சான்று. அதன் அடிவாரத்தில் பராந்தக நெடுஞ்சடையன் என்னும் பாண்டியனின் அமைச்சன் மாறன் காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவித்த கோயிலின் கல்வெட்டு கி.பி. 770ஆம் ஆண்டுக்குரியது. அதே மலையில் தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றைச் செய்வித்த அச்சணந்தி என்னும் சமணத் துறவியின் பெயரும் வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் இன்றும் காணக்கிடைக்கின்றன.